ஏழு படி

படி சரிந்தது செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்துக்கு. ஏன் சரிந்தது என்பது பதினொன்றேகாலுக்கெல்லாம் எங்கள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. அரசாங்கத்துக்கு அது தெரியாமல் போவதற்கு ஆறு வருஷம் நாலு மாதம் பிடித்தது. அந்த ஆறு வருஷமும் கூடவே இருந்து பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன். கோபத்தில் எழுதுகிறாய் என்று யாராவது சொன்னால், ஆமாம் சாமி, கோபத்தில்தான்.

என் கடை அந்த அரசு அலுவலகத்துக்கு நேரெதிரே. நகல் எடுக்கும் கடை. ஒரு மெஷின், ஒரு ஸ்டூல், நான். எந்தச் சான்று வாங்கப் போகிறவரும் என்னிடம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போவார். நாங்கள் நகல் என்று சொல்வதை அந்த அலுவலகத்தில் படி என்பார்கள். "ரெண்டு படி எடுத்துட்டு வாய்யா" என்று விரட்டுவார்கள். மாடிக்கு ஏறுவதும் படிதான், காகிதத்தில் எடுப்பதும் படிதான். இதை இப்போதே சொல்லி வைக்கிறேன், பின்னால் வேண்டியிருக்கும்.

அன்றைக்கு ஒரு பெரிய மனிதர் வருவதாக இருந்தது. முன்பக்கப் படிக்குச் சிவப்புக் கம்பளம் விரித்து, இரும்புக் கதவைப் பூட்டி, பொதுமக்களைப் பின்பக்கப் படிக்குத் திருப்பிவிட்டார்கள். பின்பக்கத்தில் ஒரு வருஷமாக 'பழுது. ஏறாதீர்' என்று பலகை தொங்கிக்கொண்டிருந்தது. பெரிய மனிதர் கண்ணில் பட்டால் நன்றாகவா இருக்கும்? காலையிலேயே கழற்றிவிட்டார்கள். பழுதைச் சரிசெய்வதைவிடப் பலகையைக் கழற்றுவது சுலபம் அல்லவா. நாற்பது பேர் மூச்சு முட்ட வரிசையில் நின்றபோது கீழே இருந்த ஏழு படியும் பொத்தென்று போயின. மேலே நின்றவர்கள் கீழே நின்றவர்கள்மேல் விழுந்தார்கள். ஒன்பது பேருக்குக் கால் முறிந்தது. மகளுக்கு இருப்பிடச் சான்று வாங்க ஆறாவது படியில் நின்ற என் அக்கா செத்துப்போனாள். பெரிய மனிதர் அன்று வரவே இல்லை.

அக்காவுக்குப் பிறவியிலேயே இடது கால் ஒரு அங்குலம் குட்டை. அவள் புருஷன், என் மாமா, செருப்புத் தைக்கிறவர். இடது செருப்புக்கு மட்டும் ஒரு அங்குலம் கூடுதலாக அடி வைத்து அவர் தைத்துக் கொடுப்பார். அதைப் போட்டால் அக்கா நேராக நடப்பாள். நடப்பாள், அவ்வளவுதான். ஓட அவளுக்கு வராது. கண்ணெதிரே பஸ் கிளம்பினாலும், "போனா போகுது, அடுத்தது வராமயா போயிடும்?" என்று நிற்பாள். மகள் ஓடிப்பிடித்து விளையாடக் கூப்பிட்டால், "நீ சுத்தி சுத்தி ஓடு, நான் நின்ன எடத்துலயே பிடிக்கிறேன்" என்பாள். பிடித்தும்விடுவாள்.

அன்று சாயங்காலம் அரசாங்கம் ஒரு செய்திக்குறிப்பு வெளியிட்டது. 'ஒரு பெண் அவசரப்பட்டு ஓடினாள். படி சரிந்தது.' இரண்டே வாக்கியம். பேப்பர்காரர்கள் அப்படியே போட்டார்கள். காரியம் முடிந்து பள்ளிக்கூடம் போன மகளிடம் கூடப் படிக்கிற எவளோ, "உங்கம்மா ஓடித்தானே அத்தனை பேருக்கும் கால் போச்சு?" என்று கேட்டுவிட்டாள். வீட்டுக்கு வந்து மூலையில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள்.

மாமா என் கடைக்கு வந்தார். அதிகம் பேசுகிற ஆள் இல்லை. "மாப்ளே, போனவளத் திருப்பிக் குடுன்னு நான் யாரையும் கேக்கல. அந்த ஒரு வார்த்தைய மட்டும் எடுக்கச் சொல்லு. ஓடல. வரிசையில நின்னுக்கிட்டிருந்தா. அது போதும்" என்றார்.

ஒரு வார்த்தை. ரப்பர் வைத்து அழித்தால் ரெண்டு நொடி வேலை. நானும் அப்படித்தான் நினைத்தேன், முட்டாள்.

தெருவில் மூன்று நாள் மறியல் நடந்தது. நாலாம் நாள் அரசாங்கம் விசாரணை ஆணையம் அமைத்தது. ஐந்தாம் நாள் மறியல் கலைந்தது. ஆணையம் செய்த முதல் காரியமும் கடைசிக் காரியமும் அதுதான். அதன் விசாரணை வரம்பை அச்சடித்து வாசலில் ஒட்டியிருந்தார்கள். 'ஒன்று: அப்பெண் ஓடியதால் படி சரிந்ததா? இரண்டு: படி சரிந்ததால் அப்பெண் ஓடினாளா?'

மாமா அதை விரல் வைத்து இரண்டு தரம் படித்தார். பிறகு ஆணையத்தின் செயலரைத் தேடிப் போய், "ஐயா, ரெண்டுலயும் ஓடறாளே?" என்றார்.

"அதைத்தான் விசாரிக்கப் போறோம்" என்றார் செயலர்.

"எதைங்க?"

"எதனால ஓடினாங்கன்னு."

ஆணையம் அதே கட்டடத்தின் முதல் மாடியில் உட்கார்ந்தது. முன்பக்கப் படி ஆணையத்துக்கு. பின்பக்கப் படி சான்றுப் பொருள், ஒரு கல்லைக்கூட நகர்த்தக் கூடாது என்று சுற்றிலும் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டார்கள். அப்படியானால் சாட்சிகள் எப்படி மேலே வருவது? ஜன்னலுக்கு ஒரு மூங்கில் ஏணி சாத்தினார்கள். கால் முறிந்த ஒன்பது பேரும் கட்டோடு வந்து ஏணியை அண்ணாந்து பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். 'நேரில் கண்ட சாட்சிகள் ஒன்பது பேரும் ஒத்துழைக்கவில்லை' என்று முதல் நாள் குறிப்பில் ஏறியது. மாமாவும் நானும் ஏறிப் போனோம்.

தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. நல்ல குரல். அவருடைய தொடக்க உரையை நான் என் மெஷினில் நகல் எடுத்து வைத்திருக்கிறேன், வயிறு சரியில்லாத நாளில் அதைப் படிப்பதில்லை.

"விசாரணை ஆணையம்ங்கறது இன்னைக்கு நேத்து வந்ததில்ல. ராஜா காலத்துல தப்பு நடந்தா, செஞ்சவனப் புடிச்சுத் தண்டிச்சுடுவாங்க. அது காட்டுமிராண்டித்தனம். நாகரிகம் வளர வளரத்தான் தண்டிக்கறதுக்குப் பதிலா விசாரிக்கக் கத்துக்கிட்டோம். இதுக்கு முன்னால இந்த அரசு நாற்பத்தோரு ஆணையம் போட்டிருக்கு. ஒண்ணாவது யார் மனசையாவது புண்படுத்தியிருக்கா? சொல்லுங்க பார்ப்போம்."

முன்வரிசை கைதட்டியது.

"எங்க அதிகாரம் ரொம்பப் பெரிசு. யாரை வேணாலும் கூப்பிடலாம். வரமாட்டேன்னா இழுத்துட்டு வரச் சொல்லலாம். ஆனா அந்த அதிகாரத்த நாங்க பயன்படுத்தறதில்ல. பயன்படுத்தாம வெச்சிருக்கிற வரைக்கும்தான் அதிகாரத்துக்கு மதிப்பு. நோக்கம் என்னன்னு கேப்பீங்க. உண்மையக் கண்டுபிடிக்கறது. சுடச்சுட உண்மையச் சொல்ல தெருவுல போற எவனாலும் முடியும். அது ஆறி, யாருக்கும் கை சுடாதுங்கற பக்குவத்துல எடுத்துக் குடுக்கத்தான் ஆணையம்."

மாமா என் காதில், "நல்லாப் பேசறாரு. எப்ப நம்மளக் கேப்பாங்க?" என்றார்.

எட்டு மாதம் கழித்துக் கேட்டார்கள். அந்த எட்டு மாதமும் அரசு வக்கீல் எழுந்து நின்று, "ஆணையில் 'படி' என்று மட்டும் இருக்கிறது. எந்தப் படி? மாடிப்படியா, நகல் படியா, பயணப்படியா?" என்று வாதாடினார். பயணப்படியை மட்டும் முதல் அமர்விலேயே தீர்த்துக்கொண்டார்கள், அதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. மற்ற இரண்டுக்கும் அகராதி ஆசிரியர் ஒருவரை வரவழைத்தார்கள். அவர் 'படி' என்பதற்கு இன்னும் ஒன்பது பொருள் இருப்பதாகச் சொல்லிவிட்டு, பயணப்படி வாங்கிக்கொண்டு போனார்.

மாமாவின் முறை வந்தது. அவர் மடியிலிருந்து ஒரு துணி மூட்டையை அவிழ்த்து, ஆஸ்பத்திரியில் கொடுத்த அக்காவின் இடது செருப்பை எடுத்து, எல்லோருக்கும் தெரியட்டும் என்று உயரத் தூக்கிப் பிடித்தார்.

அவ்வளவுதான், மண்டபமே எழுந்துவிட்டது. "நீதிபதி முன்னால செருப்பத் தூக்கறியா?" என்று அரசு வக்கீல் அலறினார். தலைவருக்கு முன்னால் நடக்கும் டவாலி ஓடி வந்து தலைவரை மறைத்து நின்றார். செருப்புத் தைக்கிறவர் கையில் செருப்பைத் தவிர வேறு என்னய்யா இருக்கும்? மாமாவுக்கு எதுவுமே புரியவில்லை. தூக்கிய கையை இறக்கவும் பயந்து அப்படியே நின்றார்.

"ஐயா, இது சாட்சிங்க. இந்த அடியப் பாருங்க, ஒரு அங்குலம். இதப் போட்டு எப்படிங்க ஓட முடியும்?"

தலைவர் பெருந்தன்மையானவர், உடனே மன்னித்துவிட்டார். "சான்றுப் பொருளாத் தாக்கல் பண்ணுங்க. எங்க விதிப்படி எது தாக்கல் பண்ணினாலும் மூலம் ஒண்ணு, படி ஏழு."

"செருப்புக்குமாங்க?"

"விதியில செருப்பு நீங்கலாகன்னு இல்லையே."

நான் செருப்பைக் கொண்டுபோய் மெஷின் கண்ணாடிமேல் கவிழ்த்து வைத்து ஏழு நகல் எடுத்துக் கொடுத்தேன். செயலர் அதைத் திருப்பி அனுப்பினார். 'தடிமன் தெரியவில்லை.' நியாயம்தானே, தடிமன்தானே வழக்கே! மாமா கடையை அடைத்துவிட்டு ஒன்பது நாள் உட்கார்ந்து, அக்காவின் கால் அளவில் ஏழு இடது செருப்பு தைத்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு அங்குல அடி. தைக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. நான் வாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செருப்புகளை ஆராய நிபுணர் குழு போட்டார்கள். ஒருவர் பாலம் கட்டுகிறவர். ஒருவர் கணக்குப் பேராசிரியர். ஓட்டத்தைப் பற்றித் தெரிந்தவர் ஒருவர் வேண்டும் என்று மூன்றாவதாகக் குதிரை வைத்தியரைப் போட்டிருந்தார்கள். மூவரும் கூடிப் பேசி, ஐம்பது வயது டவாலியைக் கூப்பிட்டு, அக்காவின் செருப்பை அவர் இடது காலில் மாட்டி, நடைபாதையில் ஓடச் சொன்னார்கள். டவாலி தொப்பை குலுங்க, கோணிக் கோணி ஓடினார். பதினாலு விநாடி. 'இச்செருப்பு அணிந்தவர் ஓட இயலும்' என்று மூவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

மாமா எழுந்தார். "ஐயா, அவருக்கு ரெண்டு காலும் சமங்க."

"அதனாலதான் சோதனை நடுநிலையா இருக்கு" என்றார் குதிரை வைத்தியர்.

அன்று ஏணியில் இறங்கப் போனபோது செயலர் மாமாவைத் தனியாக அழைத்தார். ஆறுதல் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். "தையல் அருமையா இருக்குங்க. ஏழுல ஒண்ணுக்கு வலது கால் ஜோடி தைச்சுக் குடுங்களேன், வீட்ல போட்டுக்குவாங்க. இடதுல மட்டும் அந்த அடியக் கொஞ்சம் செதுக்கிக் குறைச்சுடுங்க" என்றார். மாமா ஏணியைப் பிடித்து இறங்கத் தொடங்கினார். நான் பாதி இறங்கும்போதே சுண்ணாம்புக் கோட்டுக்குள் துப்பினேன். சான்றுப் பொருளோடு என் எச்சிலும் சேர்ந்து கிடக்கட்டும்.

மூன்றாம் வருஷம் அலுவலகக் காவலாளியைக் கூப்பிட்டார்கள். அவர் நேர்மையான மனிதர், அதனால் காவலாளியாகவே இருந்தார். கூண்டில் ஏறி ஒரே மூச்சில் சொன்னார். "பெரிய அதிகாரி வந்து முன்கதவப் பூட்டுன்னாரு, பூட்டினேன். பலகையக் கழட்டுன்னாரு. 'ஐயா படி தாங்காது'ன்னேன். 'ஒரு நாளைக்குத் தாங்கும், கழட்டுடா'ன்னாரு. கழட்டினேன். அந்தம்மா ஓடலைங்க. ஓட எடம் ஏது? எள்ளு போட்டா எள்ளு விழாது."

மாமா என் கையைப் பிடித்தார்.

தலைவர் கேட்டார். "எந்தப் பெரிய அதிகாரி?"

"உங்க பக்கத்துல உக்காந்து எழுதிக்கிட்டிருக்காரே, அவருதாங்க."

ஆமாம். செயலர்தான். அந்தக் கட்டடத்துக்கு அன்று மேலதிகாரியாக இருந்தவரையே ஆணையத்துக்குச் செயலராகப் போட்டிருந்தார்கள். இதை நான் முன்பே சொல்லியிருக்கலாம். சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது.

தலைவர் சிரித்தார். "அதனாலதானே அவரப் போட்டிருக்கு! இந்தச் சம்பவத்துல அவரவிட அனுபவம் உள்ளவர் யாரு?" பிறகு காவலாளியைப் பார்த்து, "நீங்க படியப் பத்தி மட்டும் பேசுங்க. கதவும் பலகையும் எங்க வரம்புல இல்ல. கதவுக்கு வேணும்னா தனி ஆணையம் கேட்டு மனு போடுங்க" என்றார். செயலர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார். மறுநாள் குறிப்பின் நகல் என் கடைக்கு வந்தது. 'காவலாளி கையை நீட்டிப் பேசினார்.' அவ்வளவுதான் இருந்தது. அடுத்த வாரம் காவலாளியை எங்கோ மலைமேல் இருக்கும் கிடங்குக்கு மாற்றினார்கள்.

அதன் பிறகு கால நீட்டிப்பு. ஆறு மாதம், ஆறு மாதம், இன்னும் ஆறு மாதம். மாமா ஒவ்வொரு அமர்வுக்கும் சட்டை மாற்றிக்கொண்டு, ஏணி ஏறி, கடைசி நாற்காலியில் உட்காருவார். யாராவது அவர் பக்கம் பார்த்தால் எழுந்து, "அந்த ஒரு வார்த்தைங்க" என்பார். "பரிசீலனையில் இருக்கு" என்பார்கள். உட்காருவார். மகள் பள்ளிக்கூடம் முடித்து, கல்லூரியும் முடித்தாள்.

அறிக்கை வந்தது. ஏழு தொகுதி, முந்நூறு படி. வெளியீட்டு விழாவுக்கு முன்பக்கப் படியில் சிவப்புக் கம்பளம் விரித்து இரும்புக் கதவைப் பூட்டினார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், அதே கம்பளம். மாமா ஏணியில் ஏறினார். அரசு வக்கீல் தேடி வந்து கை குலுக்கினார். "வாழ்த்துகள்! நாற்பத்திரண்டு ஆணையத்துல ஒரு சாட்சியோட கோரிக்கைய ஏத்துக்கிட்டது இதான் முதல் தடவை. நாலாம் தொகுதி, அறுநூத்திப் பன்னிரண்டாம் பக்கம்."

நான்தான் பிரித்துப் படித்தேன்.

'செய்திக்குறிப்பில் உள்ள "ஓடினாள்" என்ற சொல் தமக்கு மனவேதனை அளிப்பதாக இறந்தவரின் கணவர் ஆணையத்திடம் பலமுறை முறையிட்டுள்ளார். ஆணையம் இதைக் கனிவுடன் பரிசீலித்தது. காலஞ்சென்ற ஒருவரை இவ்வாறு மரியாதையின்றிக் குறிப்பிட்டது தவறே. எனவே அச்சொல்லை "ஓடினார்" என்று திருத்துமாறு பரிந்துரைக்கிறோம்.'

மாமா தொகுதியை வாங்கி, அந்த வார்த்தைமேல் விரலை வைத்தார். "நான் ஓடினதத்தானே மாப்ளே எடுக்கச் சொன்னேன்? இவங்க 'ள்'ளை எடுத்துட்டாங்களே" என்றார்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் வாயை மூடிக்கொண்டு மெஷினைப் பார்த்திருப்பேன். சட்டசபையில் யாரோ ஒரு உறுப்பினர், பின்பக்கப் படி என்ன ஆயிற்று என்று கேட்டிருக்கிறார். அமைச்சர் அறிக்கையின் நகல்களைப் பற்றித்தான் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டு, 'படிகள் வைக்கப்பட்டுவிட்டன' என்று பதில் சொல்லியிருக்கிறார். சபையில் சொன்னதை மெய்யாக்க வேண்டுமே! 'பின்பக்கத்தில் உடனடியாகப் படிகளை வைக்கவும்' என்று அலுவலகத்துக்கு உத்தரவு பறந்தது. கூடவே, யாரும் வாங்காமல் கிடந்த முந்நூறு படியும் ஒரு லாரியில் வந்து இறங்கின. அலுவலகத்தில் உத்தரவை மீறிப் பழக்கம் இல்லை. சுண்ணாம்புக் கோட்டை அழித்துவிட்டு, சரிந்த ஏழு படி இருந்த இடத்தில் அறிக்கையை அடுக்கினார்கள். கீழ்ப்படி முதல் தொகுதி, அடுத்தது இரண்டாம் தொகுதி, இப்படியே வரிசையாக. மேலே சாக்கு விரித்து, 'ஏறலாம்' என்று பலகை மாட்டினார்கள். ஏணியை எடுத்துவிட்டார்கள்.

மகளுக்கு வேலை கிடைத்து, இருப்பிடச் சான்று வாங்க வேண்டியிருந்தது. அன்றைக்கு அவள் அம்மா வாங்கப் போன அதே சான்று. மாமாவும் நானும் கூடப் போனோம். அவள் மூன்று படி ஏறி, நாலாவதில் கால் வைக்கப் போனவள், சாக்கு விலகிய இடத்தில் 'நாலாம் தொகுதி' என்ற எழுத்தைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"அப்பா, அம்மா மேல கால வெச்சு ஏறச் சொல்றாங்கப்பா."

மாமா அவளைக் கையைப் பிடித்து இறக்கினார். அன்று சான்று வாங்கவில்லை. மறுநாள் மத்தியானம் அவர் தோல் வெட்டும் கத்தியோடு போய், நாலாவது படியில் உட்கார்ந்து, ஒரு புத்தகத்தை உருவி, அறுநூத்திப் பன்னிரண்டாம் பக்கத்தைப் பிரித்து, அந்த ஒரு வார்த்தையை மட்டும் சுற்றிச் சுத்தமாக வெட்டி எடுத்தார். புத்தகத்தைத் திரும்ப வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். ஏறுகிறவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு ஏறினார்கள். தினமும் போனார். தடுக்கலாமா என்று யோசித்தேன். பிறகு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இருபத்து மூன்றாவது நாள் புதுக் காவலாளி பிடித்துவிட்டார். பிடித்தார் என்றா சொல்வது? மாமாவுக்கு இப்போது இரண்டு முழங்காலும் வீக்கம், பத்தடிக்கு ஒரு தரம் நின்றுதான் நடப்பார். புகார் எழுதி முடிக்கும்வரை காவலாளியின் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவருக்குத் தேதி மறந்தபோது தேதியும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

நேற்று அழைப்பாணை வந்தது. அரசுப் படி சேதமடைந்தது குறித்து ஒரு நபர் விசாரணை ஆணையம். அந்த ஒரு நபர் யார் என்று நினைக்கிறீர்கள்? நம் செயலர்தான், ஓய்வுபெற்றுவிட்டார். கத்தியை மூலம் ஒன்று, படி ஏழு என்ற கணக்கில் கொண்டுவரச் சொல்லியிருந்தது. விசாரணை வரம்பும் இணைத்திருந்தார்கள். 'அரசுப் படியைச் சேதப்படுத்திவிட்டு ஓடினான். ஏன்?'

நகல் எடுக்க மெஷினில் வைக்கப் போனவன், படித்துவிட்டு அப்படியே நின்றேன். மாமா ஸ்டூலில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். என் கையிலிருந்து காகிதத்தை வாங்கி, விரல் வைத்துப் படித்தார். அக்கா போன பிறகு அவர் சிரித்து நான் நேற்றுதான் பார்த்தேன்.

"ஒரு ஆறு வருஷம் பொறு மாப்ளே" என்றார். "எனக்கும் 'ர்' போட்டுடுவாங்க."